டிரான்ஸ்ஃபரில் வந்தவர்களுக்கு மென்டராகப் போட்டிருக்கிறார்கள், ஒருவரும் வாயே திறப்பதில்லை

கடைசி பெஞ்ச்:
மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வேறு கல்லூரியில் இரண்டு வருடம் முடித்துவிட்டு எங்கள் வகுப்புக்கு வந்திருக்கும் ஐந்து பேருக்கு நான்தான் மென்டர். முதல் வாரம் வளாகத்தைச் சுற்றிக் காட்டினேன். அதில் ஒருவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவரிடம் போய் "இதுதான் லைப்ரரி" என்று கை காட்டியபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அப்புறம் வாட்ஸப் குரூப் தொடங்கி, "எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்று போட்டேன். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள், அவ்வளவுதான். மூன்று வாரமாக அமைதி. உதவி தேவையில்லையா, இல்லை நான் கேட்கிற விதம்தான் சரியில்லையா?

நடுவழிப் பயணி:
தேவையில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் அப்படி நடுவில் வந்து ஏறியவள்தான். என்ன கேட்பது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? இரண்டு வருடம் கல்லூரியில் இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

என் முதல் கெமிஸ்ட்ரி லேப் இன்னும் நினைவிருக்கிறது. எல்லோரும் உள்ளே வந்ததும் அவரவர் மேசைக்குப் போய்விட்டார்கள். முதல் வருடத்திலேயே ஜோடி சேர்ந்தவர்கள். நான் புது ரெக்கார்டு நோட்டைப் பிடித்துக்கொண்டு சிங்க் பக்கத்தில் நின்றேன். "ஏதாவது ஒரு குரூப்ல சேர்ந்துக்கோம்மா" என்றார் ஆசிரியர். யாரும் முறைக்கவில்லை, விரட்டவில்லை. ஸ்டூல் மேல் இருந்த பையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது லேபுக்கு முந்தின நாள், என் மென்டர் அக்கா அந்த வகுப்பில் தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம், "நாளைக்கு உன் மேசைக்கு ஒருத்தி வருவா" என்று சொல்லி வைத்திருக்கிறார். மறுநாள் நான் போனதும் அந்தப் பெண் பையை எடுத்துக் கீழே வைத்தாள். அந்த வருடம் முழுக்க அதுதான் என் இடம்.

இன்னொன்று, கிரெடிட், அதாவது பழைய கல்லூரியில் முடித்த பாடங்களை இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வது. இதை இந்த வாரமே பாருங்கள். "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று தாளில் இருந்ததும் நான் நிம்மதியாகிவிட்டேன். என் புள்ளியியல் பாடத்தைப் பொது எலெக்டிவாகத்தான் (விருப்பப் பாடமாக) எடுத்திருக்கிறார்கள், மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) அது கணக்கில்லை என்பது அடுத்த செமஸ்டர் ரிஜிஸ்ட்ரேஷன் அன்றுதான் தெரிந்தது. அதை முடித்திருந்தால்தான் எடுக்க முடிகிற இரண்டு பாடங்கள் எனக்குத் திறக்கவே இல்லை. பழைய சிலபஸைக் கொண்டுபோய்க் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்ன பிறகுதான் சரியானது. அதனால் "உதவி வேணுமா" என்று கேட்காதீர்கள். "உங்க கிரெடிட் தாளைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

ஆலோசனை மேசை:
மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மேலே சொன்னது சரி, ஒரு திருத்தத்தோடு. "இது கணக்கில் வந்துடும்" என்று மென்டர் வாக்குக் கொடுக்க வேண்டாம். அதை டிபார்ட்மென்ட்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அறை வாசல் வரை கூடவே போங்கள். தனியாகப் போகச் சொன்னால் பாதிப் பேர் போகமாட்டார்கள்.

மதிப்பெண் பற்றியும் முதல் தேர்வுக்கு முன்பே பேசிவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் கிரெடிட் மட்டும்தான் வரும், பழைய கிரேடு வராது. சராசரி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் ஒரு பாடம் சறுக்கினாலும் பெரிதாகத் தெரியும். முதல் செமஸ்டரில் மதிப்பெண் இறங்குவது புதிதல்ல. அமெரிக்காவில் ஜூனியர் கல்லூரிகளிலிருந்து (இரண்டு வருடக் கல்லூரிகள்) வந்தவர்களைப் பற்றி ஜான் ஹில்ஸ் என்பவர் 1965இல் எழுதிய கட்டுரையிலேயே இதற்கு 'டிரான்ஸ்ஃபர் ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார். பெரும்பாலும் அடுத்தடுத்த செமஸ்டர்களில் ஏறிவிடுகிறது. முன்கூட்டியே தெரியாதவர்கள்தான் "நான் இந்த இடத்துக்கு லாயக்கில்லை" என்று என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

கடைசி பெஞ்ச்:
நேற்று இரவு குரூப்பில் போடாமல் ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். அந்த மூத்தவர் இரண்டே நிமிடத்தில் தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். நான்கு பாடம் பொது எலெக்டிவில் கிடக்கிறது! நாளை அவருடன் டிபார்ட்மென்ட்டுக்குப் போகிறேன். சிலபஸ் கையில் இல்லையாம், பழைய கல்லூரி இணையதளத்தில் இருந்து எடுக்கச் சொல்லட்டுமா?

நடுவழிப் பயணி:
அங்கே இந்த வருட சிலபஸ்தான் இருக்கும். அவர் படித்த வருடத்தினுடையது வேண்டும். பாடம் எடுத்த ஆசிரியருக்கே இன்று மெயில் போடச் சொல்லுங்கள். லேப் இருந்த பாடமென்றால் லேப் மணிக்கணக்கும் அதில் இருக்கட்டும், என்னை அதற்காகவே ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள்.