இணை ஆசிரியர் திருத்தத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

வணக்கம். ஆய்வு மாணவர்கள் கட்டுரை எழுத ஒரு கால அட்டவணை தயாராகிறது. ஒரு இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

முதலில் படங்கள், அட்டவணைகள். பிறகு செய்முறை, முடிவுகள், விவாதம். முன்னுரையும் சுருக்கமும் கடைசியில். முன்னுரையில் தொடங்கினால், முடிவுகள் மாறும்போது அதை முழுசாகத் திருப்பி எழுத வேண்டிவரும். மேற்கோள்களை அன்றன்றே சோடெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் சேர்த்தால் கடைசி வாரம் மிச்சம்.

இழுப்பது இணை ஆசிரியர்களின், அதாவது கட்டுரையைச் சேர்ந்து எழுதுபவர்களின், திருத்தம்தான். வேர்ட் கோப்பை நான்கு பேருக்கும் ஒன்றாக அனுப்பினால், ஒன்றோடொன்று முரண்படும் நான்கு பிரதிகள் திரும்பி வரும். சேர்த்து முடிப்பதற்குள் நாள் போய்விடும். ஒருவர் பின் ஒருவராக அனுப்பினால் யாரிடமாவது தேங்கிவிடும். பலர் ஒரே கோப்பில் இணையத்தில் சேர்ந்து எழுத உதவும் ஓவர்லீஃப் எல்லோருக்கும் பழக்கமில்லை.

நீங்கள் எத்தனை நாள் கெடு கொடுக்கிறீர்கள்? பதில் வராவிட்டால், குறிப்பாக நெறியாளரிடம், எப்படி நினைவூட்டுவீர்கள்? உங்கள் துறையையும் குறிப்பிடுங்கள்.