புதுப்பிப்பு: எங்கள் அமைப்பின் நோக்கமும் தொலைநோக்கும்

எங்கள் தன்னார்வ அமைப்புக்கு நோக்கம், தொலைநோக்கு, விழுமியங்கள் மூன்றையும் எப்படி எழுதுவது என்று முன்பு கேட்டிருந்தேன். நோக்கம் சீக்கிரம் முடிந்தது: யாருக்காக, என்ன செய்கிறோம், அவ்வளவுதான்.

தொலைநோக்கில்தான் இழுபறி. 'தலைசிறந்த அமைப்பாகத் திகழ்வது' என்று ஒருவர் எழுதிவந்தார். அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாமே! மைக்ரோசாஃப்டின் தொடக்ககால இலக்கு, ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணினி என்பது. நடந்ததா இல்லையா என்று பார்த்தே சொல்லிவிடலாம். இதைக் காட்டியதும் பேச்சு திசை மாறியது.

அப்புறம் விழுமியங்கள். 'நேர்மை'யை யாரும் மறுக்கப்போவதில்லை. அதனாலேயே அது எந்த முடிவுக்கும் உதவாது. பதிலாக, 'எங்கள் பணியில் தலையிடும் நிபந்தனையோடு வரும் நன்கொடையை வாங்க மாட்டோம்' என்று எழுதினோம். பொருளாளருக்கு மட்டும் இன்னும் மனமில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசப்போகிறோம்.