புதுப்பிப்பு: உருளைக்கிழங்கு மலை ஆனது
செங்கோட்டையிலிருந்து மறுபடியும் நான்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமஉயரக் கோடு (வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) மண்டையில் ஏறவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, உருளைக்கிழங்கை வைத்துக் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். பாதியாக வெட்டிக் கவிழ்த்து, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்திலும் பேனாவால் சுற்றிக் கோடு. மேலிருந்து பார்த்த ஒரு பையன், "சார், செங்குத்தான பக்கம் கோடெல்லாம் நெருக்கியடிச்சு நிக்குது!" என்றான்.

அப்புறம் 1:50,000 நிலவரைபடம். அதில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். எங்கள் ஊருக்கு மேற்கே மலைக்கு நடுவே உள்ள ஆரியங்காவுக் கணவாயை அதில் பார்த்ததும், புனலூர் ரயில் ஏன் அந்த வழியாகப் போகிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகளே அளந்து வரைந்த தெரு வரைபடம்தான் சொதப்பல். காலடியால் அளந்ததில் ஒரே தெரு நான்கு நீளத்தில் வந்திருக்கிறது. சனிக்கிழமை ஒவ்வொருவரின் நூறு எட்டையும் டேப்பால் அளக்கப்போகிறோம்.