புதுப்பிப்பு: அம்மாவுடன் மணிகரண் போய் வந்தாச்சு

மூட்டுவலிக்கார அம்மாவை இமாச்சலப் பிரதேசத்து மணாலியிலிருந்து ஒரே நாளில், வழிகாட்டியுடன் மணிகரண் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்றுதான் கும்பகோணம் திரும்பினோம்.

தாராளமாகப் போகலாம். ஒரு பக்கமே சுமார் 80 கிலோமீட்டர் மலைப்பாதை, விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். நடுவில் சால்வைக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள், தண்டம்.

பார்வதி ஆறு பனிக்கட்டியாய்ச் சில்லிட, கரையிலேயே ஊற்று கொதிக்கிறது. அரிசியைத் துணியில் முடிந்து அதில் வேகவைக்கிறார்கள். "நம்ம பொன்னி அரிசின்னா குழைஞ்சிருக்கும்" என்றார் அம்மா. அங்கிருக்கும் சீக்கியர் கோயிலான குருத்வாராவில் பெண்களுக்குத் தனிக் குளியலிடம் உண்டு. தரை வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, அவ்வளவு சூடு.

வலி? அன்றிரவு காணோம். அப்புறம் ரயிலில் திரும்ப வந்துவிட்டது.