ஹெட் கேஸ்கெட் நிக்கவே மாட்டேங்குது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணே. மன்னார்குடி பக்கம் நெல் மூட்டை ஏத்துற லாரி. பெரிய டர்போ மாட்டி, பம்புல டீசலைக் கூட்டி வச்சதுல இருந்து ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) திரும்பத் திரும்பப் போகுது. லோடோட பாலம் ஏறினா ரேடியேட்டர்ல குமிழி அடிக்குது, தண்ணி குறையுது. ஆயில்ல தண்ணி கலக்கல. ஹெட்டை லேத்துல குடுத்து மட்டம் பிடிச்சாச்சு. ஆனா லைனர் (பிஸ்டன் ஓடுற குழாய்) பிளாக்குக்கு மேல எவ்வளவு எழும்பி நிக்குதுன்னு யாரும் டயல் கேஜ்ங்கிற அளவுக் கருவி வச்சுப் பார்க்கல. என் சந்தேகம் அங்கதான். இழுபட்ட பழைய ஹெட் போல்ட்டையே போட்டதும் சரியாப் படல. மெக்கானிக்கைக் கேட்டா, "கேஸ்கெட் மட்ட ரகம்"னு ஒரே பாட்டு.

போல்ட்டுக்குப் பதிலா ஸ்டட் (பிளாக்குல முறுக்கி மேல நட்டு போடுற கம்பி) போட்டு, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் வச்சா தாங்குமா? இல்ல பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்), டீசல் ரெண்டையும் குறைச்சாத்தான் வழியா? கும்பகோணம், தஞ்சாவூர்ல லைனர் அளந்து வேலை பார்க்கிற பட்டறை இருந்தா சொல்லுங்க. சம்பா அறுப்புக்குள்ள வண்டி கிளம்பணும்.