ஆயிரம் டாலர் லாபத்துக்கு எவ்வளவு வரி?

குழு: நம் குடும்பம்
2026 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

தம்பி: சித்தப்பா, ஓய்வாக இருக்கும்போது பதில் சொல்லுங்கள். 2025-க்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யப் போகிறேன். ஆன்லைனில் விளையாட்டுப் பந்தயம் கட்டியதில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 1,000 டாலர்தான் மிச்சம். பந்தய நிறுவனத்திடமிருந்து எந்தப் படிவமும் வரவில்லை. அதைக் கணக்கில் காட்ட வேண்டுமா?

நான்: பந்தயமா? எப்போதிலிருந்து?

தம்பி: அக்கா, இல்லினாயில் இது சட்டப்படி நடப்பதுதான். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகு பல மாநிலங்கள் அனுமதித்துவிட்டன.

அப்பா: சட்டம் அனுமதித்ததால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. உன்னோடு அதைத் தனியாகப் பேசுகிறேன். இப்போது வரி விஷயத்தைக் கேள்.

சித்தப்பா: படிவம் வரவில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. 2025-க்கான விதிப்படி, விளையாட்டுப் பந்தயத்தில் ஒரே பந்தயத்தில் 600 டாலருக்குக் குறையாமல் வென்று, அது கட்டிய தொகையைப்போல 300 மடங்காகவும் இருந்தால்தான், வென்றதை நிறுவனம் தெரிவிக்கும் டபிள்யூ-2ஜி படிவம் வரும். சாதாரணப் பந்தயம் எதுவும் 300 மடங்கைத் தொடாது. படிவம் வந்தாலும் வராவிட்டாலும் வென்றது வருமானம்தான். ஒரு டாலராக இருந்தாலும் காட்ட வேண்டும்.

தம்பி: அப்படியானால் 1,000 டாலரைக் காட்டிவிடுகிறேன்.

சித்தப்பா: அங்கேதான் சிக்கல். 1,000 என்ற எண்ணை வரித்துறை பார்ப்பதே இல்லை. வென்ற பந்தயங்களில் கிடைத்த லாபம் மட்டும் எவ்வளவு? தோற்ற பந்தயங்களில் போனது எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாகச் சொல்.

தம்பி: செயலிகளின் ஆண்டு அறிக்கைகளைப் பார்த்துச் சொல்கிறேன்.

தம்பி: வென்றது 18,000. தோற்றது 17,000.

நான்: பதினேழாயிரம் டாலரா!

தம்பி: ஒரே நாளில் இல்லை அக்கா. சிறு சிறு தொகையாக ஆண்டு முழுவதும்.

சித்தப்பா: அப்படியானால் படிவத்தில் உன் பந்தய வருமானம் 18,000. அதிலிருந்து 17,000-ஐ நீயே கழித்துக்கொண்டு 1,000 என்று எழுத முடியாது. நஷ்டத்தைக் கழிக்கும் இடம் வேறு. கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அந்த இடம் உனக்குத் திறக்கும். பெரும்பாலானவர்கள் பட்டியல் இல்லாமலே ஒரே தொகையாகக் கிடைக்கும் நிலையான கழிவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களுடைய பந்தய நஷ்டத்துக்கு ஒரு சென்ட்கூடக் கழிவு கிடைப்பதில்லை.

அண்ணி: புரியவில்லை சின்ன மாமா. தோற்றதைக் கழிக்கலாம் என்றும் சொல்கிறீர்கள், கிடைப்பதில்லை என்றும் சொல்கிறீர்கள்.

சித்தப்பா: கணக்கோடு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தனியாளுக்கு 2025-இல் நிலையான கழிவு 15,750 டாலர். தம்பி பந்தயமே கட்டாமல் இருந்திருந்தால், சம்பளத்திலிருந்து 15,750-ஐக் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்டியிருப்பான். இப்போது நிலையான கழிவையே எடுத்தால், சம்பளத்தோடு 18,000 முழுதாகச் சேரும். பட்டியலிடும் முறையை எடுத்தால் 18,000 சேரும், 17,000 கழியும், ஆனால் அந்த 15,750 கையைவிட்டுப் போய்விடும். வேறு கழிவே இல்லை என்று வைத்துக்கொண்டால், பந்தயம் கட்டாத தம்பியைவிடப் பந்தயம் கட்டிய தம்பிக்கு வரிக்குரிய வருமானம் 16,750 டாலர் அதிகம். அவன் 22 சதவீத அடுக்கில் இருப்பதாகக் கொண்டால் கூடுதல் வரி 3,685 டாலர்.

கையில் மிஞ்சியது 1,000.

தம்பி: இது எப்படி நியாயம்?

சித்தப்பா: நியாயம் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். தொழில் செய்பவன் செலவைக் கழித்த பிறகு வருகிற லாபத்துக்கு வரி கட்டுகிறான். பந்தயம் கட்டுபவனிடம் மட்டும் வெற்றியைத் தனியாகவும் தோல்வியைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறது சட்டம். இன்னும் முடியவில்லை, மாநில வரி இருக்கிறது. இல்லினாயில் வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 4.95 சதவீதம். அங்கே பொழுதுபோக்காகப் பந்தயம் கட்டுபவருக்கு நஷ்டக் கழிவே கிடையாது. 18,000-க்கு 891 டாலர்.

நான்: ஆக 4,576 டாலர். ஆயிரம் டாலர் லாபத்துக்கு!

சித்தப்பா: கூட்டல் சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். அவன் கட்டும் மாநில வருமான வரியையும் அதே பட்டியலில் கழிக்கலாம். அதனால் உண்மையில் கட்டப்போவது இதைவிடக் குறையும். ஆனால் எப்படிப் போட்டாலும் அந்த ஆயிரம் மிஞ்சாது.

அப்பா: மகனே, படித்தாயா?

தம்பி: படித்தேன் அப்பா.

மாமா: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும் அத்தான். என் மகன் மாணவர் விசாவில் அங்கே போய் ஓர் ஆண்டுதான் ஆகிறது. அவனும் நண்பர்களோடு இதைச் செய்கிறானோ என்று பயமாக இருக்கிறது. அவனுக்கும் இதே கணக்கா?

சித்தப்பா: அவனுக்கு இதைவிடக் கடுமை. மாணவர் விசாவில் இருப்பவர்களை முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பொதுவாக வரிக்காக வெளிநாட்டவராகவே வைத்துப் பார்ப்பார்கள். வெளிநாட்டவர் வென்றதற்குப் பொதுவாக 30 சதவீத வரி. நஷ்டத்தைக் கழிக்க வழியே இல்லை. இன்றே அவனிடம் பேசிவிடுங்கள்.

மாமா: இப்போதே அழைக்கிறேன்.

அப்பா: (பகிரப்பட்ட செய்தி) “வெளிநாட்டுச் செயலிகளில் பந்தயம் கட்டி வென்ற பணத்துக்கு இந்தியாவில் வரி இல்லை! அனைவருக்கும் பகிரவும்.”

அப்பா: இது என் நடைப்பயிற்சிக் குழுவில் வந்தது. உண்மையா?

சித்தப்பா: முழுப் பொய். தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம் அண்ணா. வரிக்கு இந்தியவாசியாக இருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். பந்தயத்தில் வென்றதற்கு 30 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 31.2 சதவீதம். ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற சலுகை இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. வேறு வருமானமே இல்லாதவரும் முதல் ரூபாயிலிருந்தே கட்ட வேண்டும்.

ஃபேன்டஸி கிரிக்கெட் போன்ற ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து தனி விதி வந்தது. அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. எடுத்த பணத்திலிருந்து போட்ட பணத்தையும் ஆண்டுத் தொடக்க இருப்பையும் கழித்து, நிகர வெற்றிக்குத்தான் 30 சதவீதம் பிடித்தார்கள். ஆனால் நிகரமாகத் தோற்றால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. அது போதாதென்று 2023 அக்டோபரிலிருந்து போட்ட பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வேறு வசூலித்தார்கள்.

நான்: அந்த விளையாட்டுகளைத்தான் தடை செய்துவிட்டார்களே?

சித்தப்பா: ஆம், பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் தடை வந்ததாலேயே பழைய வெற்றிக்கான வரி போய்விடாது. தடை செய்யப்பட்ட வழியில் வந்த பணமும் வருமான வரிக்கு வருமானம்தான்.

அப்பா: அந்தக் குழுவிலேயே மறுப்பு எழுதிவிடுகிறேன். நிறையப் பேர் நம்பிவிடுவார்கள்.

அண்ணி: இங்கே பிரிட்டனில் பந்தயத்தில் வென்றவர் ஒரு பென்னிகூட வரி கட்டுவதில்லை. என் அலுவலகத்தில் பாதிப் பேர் கால்பந்துக்குக் கட்டுகிறார்கள். யாரும் படிவத்தில் எழுதிப் பார்த்ததில்லை.

சித்தப்பா: ஆம், 2001 அக்டோபரில் பந்தயம் கட்டுபவர் தலையில் விழுந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது வரி நிறுவனத்தின்மேல். ஆன்லைன் பந்தயத்துக்கு இப்போது 15 சதவீதம், 2027 ஏப்ரலிலிருந்து 25. குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் அந்த உயர்வு இல்லை. அந்தப் பணத்தை நிறுவனம் தன் பையிலிருந்து மட்டுமா கொடுக்கும்? வென்றால் தரும் விகிதத்தைச் சற்றுக் குறைத்தால் போதும், யாருக்கும் தெரியாது.

தம்பி: இங்கேயும் அது நடக்கிறது. 2025 ஜூலையிலிருந்து இல்லினாயில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் நிறுவனம் அரசுக்கு 25 சென்ட் தர வேண்டும். ஆண்டில் 2 கோடிப் பந்தயங்களைத் தாண்டினால் அதற்கு மேல் 50 சென்ட். சில நிறுவனங்கள் அதை எங்கள் தலையிலேயே வைத்துவிட்டன. ஒரு டாலர் கட்டினாலும் 50 சென்ட் கட்டணம்.

நான்: நூறு டாலர் கட்டுபவருக்கும் அதே 50 சென்ட்தானே? அப்படியானால் சிறு தொகை கட்டுபவர்தான் அதிகம் இழக்கிறார்.

சித்தப்பா: மிகச் சரியாகப் பிடித்தாய்.

தம்பி: சித்தப்பா, இந்த ஆண்டும் இதே கணக்குதானா?

சித்தப்பா: இல்லை, மோசமாகிவிட்டது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026-இலிருந்து நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழிக்க முடியும். ஒருவர் ஒரு லட்சம் வென்று ஒரு லட்சம் தோற்றால் கையில் ஒன்றுமில்லை. இருந்தும் 10,000 டாலருக்கு வரி.

உன் எண்களையே 2026-க்குப் போட்டுப் பார். 17,000-இல் 90 சதவீதம் 15,300. இந்த ஆண்டு நிலையான கழிவு 16,100. மாநில வரி போன்ற வேறு கழிவைச் சேர்க்காமல் பார்த்தால் பட்டியலிடுவதே வீண். 18,000 முழுவதும் சம்பளத்தின்மேல் ஏறி உட்காரும்.

அண்ணி: அதை எதிர்த்து யாருமே பேசவில்லையா?

சித்தப்பா: நெவாடாவைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டீனா டைட்டஸ் 100 சதவீதத்தைத் திரும்பக் கொண்டுவர 2025 ஜூலையிலேயே மசோதா தாக்கல் செய்தார். அது சட்டமாகும் வரை 90 தான்.

தம்பி: பந்தயத்தையே தொழிலாகச் செய்பவர் என்று காட்டினால்?

சித்தப்பா: வேண்டாம். நீ முழுநேரம் வேலைக்குப் போகிறவன். அந்த வாதம் நிற்காது. நின்றாலும் 90 சதவீத வரம்பு அவர்களுக்கும் உண்டு, அதன்மேல் சுயதொழில் வரி வேறு.

மாமா: மகனிடம் பேசிவிட்டேன். கணக்கு தொடங்கியிருக்கிறான், இன்னும் பணம் போடவில்லையாம். இப்போதே மூடச் சொல்லிவிட்டேன். மிகவும் நன்றி.

அப்பா: நிம்மதி.

தம்பி: நானும் இந்த ஆண்டு ஜனவரியில் சில பந்தயங்கள் கட்டியிருக்கிறேன். இனிமேல் கட்டவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அதில் என்ன இருக்கிறது? மீதிப் பணத்தை எடுத்துவிட்டேன்.

நான்: நன்றாகச் செய்தாய்.

சித்தப்பா: ஜனவரிப் பந்தயங்கள் அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும், அவற்றின் பதிவையும் பத்திரமாக வை. கணக்கை மூடுவதற்கு முன் செயலியிலிருந்து முழுப் பரிவர்த்தனைப் பட்டியலையும் இறக்கிக்கொள். மூடிய பிறகு கேட்டு வாங்குவது கடினம். தேதி, எந்த ஆட்டம், கட்டிய தொகை, திரும்பி வந்த தொகை, இவ்வளவும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கையும் கூடவே இருக்கட்டும். நஷ்டத்தைக் கழிக்கிறேன் என்று சொன்னால் ஆதாரம் காட்டும் பொறுப்பு உன்னுடையது.

தம்பி: இரண்டு செயலிகளில் கட்டினேன். இரண்டுக்கும் வேண்டுமா?

சித்தப்பா: இரண்டுக்கும். ஏப்ரல் 15 கடைசி நாள், அதுவரை இழுக்காதே. வரும் சனிக்கிழமைக்குள் அனுப்பினால் நிலையான கழிவா, பட்டியலா, எது லாபம் என்று உன் மாநில வரியையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கிறேன். மாநிலத்துக்கான 891 டாலர் எந்த வழியில் போட்டாலும் வரும், அதை இப்போதே தனியாக எடுத்து வை.

தம்பி: எடுத்து வைக்கிறேன். முதல் செயலியின் பட்டியல் இறங்கிவிட்டது, உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன் சித்தப்பா.