சென்னை மண்ணடியில் 3 நாள் வேலை: காலை 10-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் என்ன பார்க்கலாம்?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். வரும் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் வேலை. மண்ணடியில் தங்குகிறேன். காலை 10.30-லிருந்து மாலை 5.30 வரை நகர முடியாது. வெள்ளி மட்டும் பகல் 12-க்கு முடிந்துவிடும், ராத்திரி 9 மணி வாக்கில் சென்ட்ரலில் ரயில். வெள்ளி மதியம் ஆட்டோ பேசிக்கொண்டு கோட்டை மியூசியம், அர்மீனியன் சர்ச், ராயபுரம் பழைய ஸ்டேஷன், அங்கேயே கடற்கரை, திருவொற்றியூர் கோயில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா? காசிமேட்டில் மீனும் வாங்க வேண்டும்.

பவழக்காரத் தெரு

சார், அந்தத் திட்டம் வேண்டாம். கோட்டை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கோயில்களில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். வெள்ளி பகல் 1 மணிக்கு மண்ணடியில் ஜும்மா கூட்டம், ஆட்டோ உள்ளே நுழையவே முடியாது. இந்தப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு, அதைப் பிடித்தால்தான் சுற்ற முடியும்.

கோட்டையை வியாழன் காலைக்கு வையுங்கள். எட்டேகாலுக்குப் பாரிமுனையிலிருந்து ராஜாஜி சாலையில் தெற்கே நடங்கள். வலது கைப்பக்கம் ஹைகோர்ட்டின் கிழக்கு மதில் வரும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதைச் சொல்லும் கல்வெட்டு அந்த மதிலில்தான் இருக்கிறது. வேகமாக நடந்தால் கண்ணில் படாது. அதைத் தாண்டினால் கோட்டை.

மியூசியம் 9 மணிக்குத் திறக்கும். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தலைமைச் செயலகமும் ராணுவமும் உள்ளே இருப்பதால் பையைச் சோதிக்காமல் விடமாட்டார்கள். சட்டசபை கூடும் நாளென்றால் கெடுபிடி அதிகம். சரக்கு சாம்பிள், கத்தி, கட்டர் எதையும் கொண்டுபோகாதீர்கள். செயலகம் பக்கம் போனைத் தூக்கிப் படமெடுக்கவும் வேண்டாம்.

உள்ளே போனதும் முதலில் 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். பிறகு பக்கத்திலேயே புனித மேரி தேவாலயம், 1680-ல் திறந்தது. அண்ணாந்து பாருங்கள்: கூரை வளைந்த கட்டுமானம், மர உத்தரமே கிடையாது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் இடியாமல், தீப்பிடிக்காமல் நிற்பதற்காக அப்படிக் கட்டினார்கள். வெளியே தரையெல்லாம் கல்லறைக் கற்கள் பாவியிருக்கும், ஆனால் அடியில் யாரும் இல்லை. இடுகாடு முன்பு இப்போதைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைப்பாக வைத்துச் சுட்டதால், பிறகு அவற்றை இடித்துக் கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து போட்டார்கள். லத்தீன், போர்ச்சுகீஸ் எழுத்துகள் இன்னும் தெரியும். 10.05-க்குக் கிளம்பினால் வேலைக்கு நேரமாகாது.

கல்மண்டபம்

ராயபுரத்தில் மெரினா மாதிரி மணல் இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறது. நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் எழும்பியதும் அந்த மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்றதால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது, குப்பங்கள் போயின. மெரினாவின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் ஒருதடவை வந்து பார்க்க வேண்டும். கல் பாசி பிடித்து வழுக்கும், மேலே ஏறாதீர்கள்.

காசிமேட்டுக்கு வியாழன் வேண்டாம், கோட்டைக்குக் கால் ஓய்ந்துவிடும். புதன் அல்லது வெள்ளி காலை 5 மணிக்குள் போங்கள். ஏலம் கூடை கூடையாகப் போகும், அது வியாபாரிகளுக்கானது. நடுவில் நின்று விலை கேட்டால் எரிச்சல்படுவார்கள். சில்லறைக்குப் பெண்கள் விற்கும் வரிசைக்கு வந்துவிடுங்கள். தரை முழுக்க ஐஸ் தண்ணீர், ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெட்டிக் கொடுப்பதற்குத் தனிக் கூலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், அப்போது வரத்து குறைந்து விலை ஏறும்.

ராயபுரம் ஸ்டேஷனை பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. சாலைப் பக்கம் வந்து தூண் வரிசையோடு முகப்பைப் பாருங்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு பக்கம் கிளம்பியது. அரை மணி நேரம் போதும்.

யானைக்கவுனி

சாயங்காலத்துக்கு நான் சொல்கிறேன். புதன் 6 மணிக்குத் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில். 1677 அக்டோபரில் சிவாஜி வந்து வணங்கினார் என்று உள்ளே எழுதி வைத்திருப்பார்கள். பாரதியார் வந்து கும்பிட்ட சந்நிதி. அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையைப் பிடித்து தேவராஜ முதலி தெரு சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர். பட்டணம் கோயில் என்று சொல்லும் இது முதலில் இருந்தது இப்போது ஹைகோர்ட் நிற்கும் இடத்தில். கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று வெள்ளைக்காரன் இடித்தான். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில் 1760-களில் இங்கே எழுந்தது. பிறகு ராசப்ப செட்டித் தெரு கந்தகோட்டம், வள்ளலார் பாடிய முருகன்.

தெருவில் நடக்கும்போது காதில் ஹெட்போன் வேண்டாம். மீன்பாடி வண்டியில் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) பலகை முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். மூட்டை தலைக்கு மேல் அடுக்கியிருந்தால் நீங்கள் எதிரே நிற்பதே அவருக்குத் தெரியாது. ஓரமாக ஒதுங்குவது உங்கள் வேலை.

சாப்பாடு: புதன் ராத்திரி தங்கசாலைத் தெரு, சுடச்சுட ஜிலேபி. வியாழன் பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான வறுவலை நொறுக்கிப் போடுவார்கள். காரம் கம்மி என்று பிசைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பிசைந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. கூடவே வாழைத்தண்டு சூப்பும் மசாலா முட்டையும் வாங்குங்கள்.

நொய்யல்கரை

மிக்க நன்றி. அப்படியானால் வெள்ளி மதியத்துக்கு என்ன செய்வது? மீனை வெள்ளி காலையில் வாங்கினால் வீடு வரைக்கும் தாங்குமா?

தேரடி

தம்பி, வெள்ளி 12 மணிக்கு வெளியே வந்ததும் நேராக அர்மீனியன் தெரு. சர்ச்சை மதியத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள், அதனால் முதலில் அதுதான். இப்போதைய கட்டடம் 1772. உலகத்தின் முதல் அர்மீனிய இதழ் 1794-ல் சென்னையில்தான் அச்சானது, அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை வளாகத்திலேயே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் ராயபுரம் ஸ்டேஷன், அங்கிருந்து வண்ணாரப்பேட்டை மெட்ரோ. திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்குங்கள், திருவொற்றியூர் என்று பெயர் பார்த்து அடுத்ததில் இறங்கினால் திரும்பி நடக்க வேண்டும்.

கோயில் நடை திறக்கும்போதே நில்லுங்கள். வெள்ளி சாயங்காலம் வடிவுடையம்மனுக்குக் கூட்டம் நெருக்கும். ஆதிபுரீசுவரர் கருவறையைச் சுற்றி வரும்போது பின்பக்கச் சுவரைக் கவனியுங்கள், யானை முதுகு போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம், ராஜேந்திர சோழன் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். மூலவரைக் கவசம் இல்லாமல் பார்க்கக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய 3 நாள்தான் வாய்க்கும். பட்டினத்தார் சமாதி கடலோரம் இருக்கிறது. கண்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் சாலையைக் கடக்க வேண்டும், இருட்டுவதற்கு முன் போய் வந்துவிடு. 7 மணிக்குத் தேரடியில் ஏறினால் மாறாமல் சென்ட்ரல்.

மீனைப் பொறுத்தவரை, காலையில் வாங்கி மறுநாள் காலை வரைக்கும் என்றால் குடல், செவுள் எடுத்து முழுசாக வாங்கு, துண்டு போடாதே. கவரில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் மீன் எடைக்கு எடை தூள் ஐஸ், அடியிலும் மேலேயும். உருகிய தண்ணீரில் மீன் ஊறினால்தான் கெடும். மதியம் ஒருமுறை வடித்துவிட்டுப் புது ஐஸ் போட வேண்டும், ஆனால் நீ அப்போது அர்மீனியன் தெருவில் இருப்பாய். லாட்ஜில் பிரிட்ஜ் கேட்டுப் பார், இல்லையென்றால் நெத்திலிக் கருவாடோ வஞ்சிரக் கருவாடோ வாங்கி இரட்டைக் கவர் போட்டுக் கட்டிக்கொள். கட்டு தளர்ந்தால் ரயில் பெட்டி முழுக்க நாற்றம், பக்கத்து பெர்த்காரர் சும்மா விடமாட்டார்.